சால்மூக்ரா எண்ணெய்: கல்கத்தாவில் தொடங்கிய ஒரு தேடல்

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்பது நம் நாட்டில் சிறுபிள்ளைகளும் அறிந்த செய்தி. ஒத்துப்போகாத இருவரைக் குறிக்க அந்த உவமையையே நாம் கையாளுகிறோம். ஆயினும் அந்த உவமையைப் பொய்யாக்கும் பொருள் ஒன்று நம் அடுக்களையிலேயே அடிக்கடி தோன்றுகிறது. தேங்காயைத் துருவி அரைத்துப் பிழிந்தெடுக்கும் பாலைத்தான் சொல்கிறோம். அதில் நீரும் உண்டு, எண்ணெயும் உண்டு. இரண்டும் கூடி வெண்மையாக நிற்கின்றன. சிறிது பொழுது அசையாமல் வைத்தால் மேலே ஏடு கட்டுகிறது. மிகுதியாகக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் தனியே பிரிகிறது. கூடிய இரண்டும் பிரியாமல் நிற்கச் செய்வது எவ்வாறு? அடுக்களையில் இது சிறிய வினா. மருத்துவச்சாலையில் இது நோயாளியின் துன்பத்தையும் உயிரையும் பற்றிய வினா.

இன்று கொல்கத்தா எனப் பெயர் வழங்கும் கல்கத்தா மாநகரத்தில் இந்த வினா ஒரு விதையெண்ணெயின் வடிவில் எழுந்தது. அந்த விதையின் பெயர் சால்மூக்ரா. அது தொழுநோய்க்கு மருந்து. அதன் வரலாற்றை நாம் இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மருந்துச் சரக்கு கையில் இருந்தால் மட்டும் போதாது, அதை உடலுக்குள் கொண்டுசெல்லும் வழியும் வேண்டும் என்னும் உண்மையை இதைப்போல் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறொன்றைக் காண்பது அரிது.

தொழுநோய்க்கு விதையெண்ணெய் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. சுசுருதரின் வடமொழி மருத்துவ நூல் துவரகம் என்னும் மரத்தின் விதையெண்ணெயைக் குட்டத்துக்கு மருந்தாகக் கூறுகிறது. தமிழ்நாட்டுச் சித்த வைத்தியர்கள் நீரடிமுத்து என்று வழங்குவதும் இவ்வினத்து விதையே. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காடுகளில் வளரும் இம்மரத்தை மலையாளத்தார் மரோட்டி என்பர். அதன் காயின் ஓட்டை இரண்டாகப் பிளந்து அகலாக ஏற்றும் வழக்கமும் அங்கே உண்டு. வங்கத்திலும் அஸ்ஸாமிலும் பர்மாவிலும் வளர்ந்த உறவு மரத்தின் விதையே சால்மூக்ரா. தொழுநோயால் நாடு துறந்து காட்டுக்குச் சென்ற ஓர் அரசன் அம்மரத்தின் பழங்களை உண்டு நலம் பெற்றான் என்பது பர்மியர் கூறும் பழங்கதை.

ஐரோப்பிய முறை வைத்தியத்துக்கு இந்த எண்ணெயை அறிமுகம் செய்தவர் வங்க மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த பிரெடரிக் ஜான் மௌவாட். நாட்டு வைத்தியர் கையாண்ட இம்மருந்தைத் தாமும் கொடுத்துப் பார்த்து 1854-இல் கல்கத்தாவிலிருந்து எழுதினார். அதற்கு முன்பே, ஹூக்ளி நதிக்கு மறுகரையிலுள்ள சிப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், வங்கச் சொல்லையே லத்தீன் பெயராக்கி, சால்மூக்ரா ஓடொராட்டா என ஒரு மரத்துக்குப் பெயரிட்டிருந்தார். பின்னர் ராபர்ட் பிரௌன் அதே மரத்துக்குக் கைனோகார்டியா என்று பெயர் மாற்றினார்.

இங்கேதான் ஒரு பிழை நுழைந்தது. கடைவீதியில் சால்மூக்ரா என்று விற்ற விதை கைனோகார்டியாவின் விதையே என்று எல்லோரும் நம்பினர். மருந்து நூல்களும் அவ்வாறே எழுதின. அந்நம்பிக்கை நெடுநாள் நிலைத்தது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் பாரிஸில் தெப்ரேவும் சிப்பூர்த் தோட்டத்தின் தலைவர் டேவிட் பிரெய்னும் ஆராய்ந்து, உண்மைச் சால்மூக்ரா வேறொரு மரத்தின் விதை என்று காட்டினர். அம்மரத்தின் பெயரில் குர்ஸ் என்ற பெயர் சேர்ந்திருக்கிறது. சிப்பூர்த் தோட்டத்து உலர்தாவரச் சாலையைக் காத்து வந்த சுல்பிஸ் குர்ஸ் என்பவரின் நினைவு அது. தென்னாட்டு மரோட்டியின் பழைய தாவரப் பெயரிலோ வைட் என்ற பெயர் உள்ளது. சென்னை மாகாணத்தில் மருத்துவராயிருந்து தென்னாட்டுத் தாவரங்களைப் படங்களோடு நூலாக்கிய ராபர்ட் வைட்டே அவர்.

மரத்தின் பெயரில் நேர்ந்த பிழையால் என்ன கேடு என்று கேட்கலாம். லண்டனில் வெல்கம் ரசாயன ஆராய்ச்சிச் சாலையின் தலைவராயிருந்த பிரெடரிக் பவர் அதற்கு விடையளித்தார். 1904-ஆம் ஆண்டு முதல் அவரும் துணைவர்களும் இவ்வெண்ணெய்களைப் பகுத்து, வேறு எண்ணெய்களில் காணாத இரண்டு கொழுப்பமிலங்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றுக்குச் சால்மூக்ரிக் அமிலம், ஹிட்னோகார்ப்பிக் அமிலம் எனப் பெயர். நல்லெண்ணெயிலும் கடலையெண்ணெயிலும் உள்ள கொழுப்பமிலங்கள் நீண்ட சங்கிலி போன்றவை. இவ்விரண்டிலோ சங்கிலியின் நுனியில் ஐந்து கரியணுக்கள் கூடிய வளையம் ஒன்று கோக்கப்பட்டிருக்கிறது. பர்மாச் சால்மூக்ராவிலும் தென்னாட்டு மரோட்டியிலும் இவை இருந்தன. கைனோகார்டியாவில் இல்லை. பெயரை நம்பிக் கைனோகார்டியா எண்ணெயை வாங்கி உண்ட நோயாளி மருந்தில்லாத எண்ணெயையே உண்டான்.

இனி இதை உண்பது எத்தகைய தண்டனை என்பதைக் காண்போம். இவ்வெண்ணெய் கார்ப்பும் நாற்றமும் உடையது. வயிற்றில் தங்காமல் குமட்டி வெளிவருவது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உண்டால்தான் பயனுண்டு என்றிருக்க, பெரும்பாலோர் சில வாரங்களிலேயே நிறுத்திவிட்டனர். தோலின்மேல் பூசினாலோ வேண்டிய அளவு உள்ளே செல்வதில்லை. எஞ்சிய வழி ஊசி. எகிப்து நாட்டில் டோர்ட்டூலிஸ் பே என்னும் மருத்துவர், வாய்வழி கொள்ள இயலாத ஒரு நோயாளிக்கு 1894-இல் எண்ணெயைத் தோலுக்கடியில் செலுத்தத் தொடங்கினார். ஆறு ஆண்டுகளில் 584 ஊசிகள் போட்ட பிறகு அவர் நலம் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த எண்ணிக்கையை நாம் சற்று நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். பிசுபிசுப்பான எண்ணெய் தசையில் பரவாமல் கட்டியாகத் தங்கும், வலிக்கும், சில வேளைகளில் சீழும் பிடிக்கும். அதை ஒரு மனிதர் 584 முறை தாங்கினார்.

மணிலா நகரத்தில் மெர்க்காடோ என்பவர் எண்ணெயுடன் கற்பூர எண்ணெயும் ரிசார்சினும் சேர்த்து ஊசியாக்கினார். பிலிப்பைன்ஸ் தீவுகளின் சுகாதாரத் தலைவராயிருந்த விக்டர் ஹைசர் அதன் பயனை உலகுக்கு எடுத்துரைத்தார். அவர் கல்கத்தாவுக்கு வந்தபோது அங்கே மருத்துவக் கல்லூரியில் நோய்க்கூற்றியல் பேராசிரியராயிருந்த சர் லியோனார்டு ரோஜர்ஸைக் கண்டு, இவ்வெண்ணெயை நீரில் கரையும் வடிவாக்க முடியுமா என்று ஆராயுமாறு தூண்டினார். 1915-இல் ரோஜர்ஸ் அம்முயற்சியில் இறங்கினார். ரசாயனத் துறையில் அவருக்குத் துணைநின்றவர் சுதாமய் கோஷ்.

அவர்கள் கண்ட வழி சோப்பு வழி. எண்ணெயோடு காரம் சேர்த்தால் சோப்பு ஆகிறது. சோப்பு நீரில் கரைகிறது. சால்மூக்ராக் கொழுப்பமிலங்களின் சோடிய உப்பைச் செய்து நீரில் கரைத்து ரத்தக்குழாயிலேயே செலுத்தினர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரோடு சேர மறுத்த எண்ணெய் இப்போது ரத்தத்தோடு கலந்து ஓடியது. நோயாளிகள் பலரின் புண்கள் ஆறின. தோல் தடிப்புகள் குறைந்தன. பழைய பிழையின் எதிரொலியாக அம்மருந்துக்குச் சோடியம் கைனோகார்டேட் என்றே பெயர் நிலைத்தது. பொருளோ சால்மூக்ராவிலிருந்து வந்தது!

ஆனால் சோப்புக்கு ஒரு குணம் உண்டு. அழுக்கிலுள்ள எண்ணெய்ப் பசையைக் கரைப்பதுபோலவே, உயிரணுக்களைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய கொழுப்புச் சவ்வையும் அது குலைக்கும். திரும்பத் திரும்ப ஊசி ஏற்றிய ரத்தக்குழாய்கள் உட்சுவர் புண்பட்டு அடைத்துக்கொண்டன. ஒரு குழாய் அடைத்தால் மற்றொன்று, பின்னர் வேறொன்று. மருந்து தொடர வேண்டும், ஆனால் ஊசி ஏற்ற இடமில்லை என்னும் நிலை வந்தது. மீனெண்ணெயிலிருந்து ரோஜர்ஸ் இதேபோல் செய்த சோடியம் மோருவேட் என்னும் மற்றொரு சோப்பு, பிற்காலத்தில் காலில் புடைத்த நாளங்களை வேண்டுமென்றே அடைப்பதற்குரிய மருந்தாயிற்று. ஒரு நோய்க்குக் குற்றமாயிருந்தது மற்றொன்றுக்குக் குணமாயிற்று.

இதே காலத்தில் பசிபிக் கடல் நடுவே ஹவாய்த் தீவில் வேறொரு வழி பிறந்தது. அங்கே கல்லூரியில் ரசாயனம் கற்பித்துவந்த ஆலிஸ் பால் என்னும் கறுப்பின இளம்பெண், ஹாரி ஹால்மன் என்ற மருத்துவரின் வேண்டுகோளின்படி, அவ்வெண்ணெயின் கொழுப்பமிலங்களைச் சாராயத்தோடு சேர்த்து எஸ்டர்களாக்கினார். அவை எண்ணெயைவிட நீர்த்தவை. தசையில் எளிதாகப் பரவுபவை. 1916-இன் இறுதி நாளில், 24 வயதிலேயே அவர் காலமானார். அக்கல்லூரியின் தலைவர் ஆர்தர் டீன் வேலையைத் தொடர்ந்து முடித்து, பாலின் பெயரைக் குறிப்பிடாமலே வெளியிட்டார். ஹால்மன் 1922-இல் உண்மையை எழுதினார். எனினும் 2000-ஆம் ஆண்டில்தான் அப்பல்கலைக்கழகம் தன் வளாகத்துச் சால்மூக்ரா மரத்தடியில் ஆலிஸ் பாலின் பெயரைப் பொறித்தது. அம்முறையால் சிகிச்சை பெற்ற 78 நோயாளிகள் மருத்துவச்சாலையிலிருந்து விடுவிக்கப்பட்டதாக 1920-இல் செய்தி வந்தது. தொழுநோயாளி வீடு திரும்புவது என்பதையே உலகம் கேட்டறியாத காலம் அது.

கல்கத்தாவில் ரோஜர்ஸ் முயன்று நிறுவிய வெப்பநாட்டு மருத்துவப் பள்ளி 1920-இல் பாடங்களைத் தொடங்கியது. அதே ஆண்டில் ரோஜர்ஸ் நாட்டைவிட்டுச் சென்றார். வங்கத்துக் கால்னாவில் மதத்தொண்டு மருத்துவராயிருந்த எர்னஸ்ட் மியூர் அப்பள்ளியில் தொழுநோய் ஆராய்ச்சியை ஏற்று 1935 வரையில் நடத்தினார். எஸ்டர்களோடு கிரியோசோட்டும் கற்பூரமும் ஆலிவ் எண்ணெயும் கலந்த ஊசியை அவர் வகுத்தார். பர்மாக் காடுகளிலிருந்து பழைய விதைகள் வந்து சேரும்வரை காத்திராமல், மேற்குக் கரையில் கிடைத்த மரோட்டியின் புதிய எண்ணெயே மலிவு, போதுமானது என்று கண்டனர். மற்றொன்றையும் கண்டனர். எண்ணெய் பழையதாகிச் சிக்கு நாற்றம் பிடித்தால் எரிச்சல் மிகுகிறது. புதிதாகப் பிழிந்ததைக் காற்றும் ஒளியும் படாமல் காத்தால் வலி குறைகிறது. எண்ணெயின் தூய்மை நோயாளியின் வலியோடு நேராகத் தொடர்புடையதாயிற்று.

இம்மருந்து உண்மையில் எவ்வளவு பயன் தந்தது? நேர்மையாகச் சொன்னால், தொடக்க நிலையிலிருந்த பலருக்கு நோய் அடங்கிற்று. முற்றிய நோயாளிகளுக்கு அதிகப் பயனில்லை. அடங்கிய பலருக்கு நோய் திரும்பவும் தோன்றிற்று. தாமாகவே அடங்கக்கூடியவையும் இந்நோயில் உண்டாகையால், மருந்தின் பங்கு எவ்வளவு என்ற வாதம் முடிவுறவேயில்லை. ஆயினும் ஒரு மாறுதல் மறுக்கவொண்ணாதது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைத் தொழுநோயாளியைப் பிடித்து இல்லத்தில் அடைக்க வழிசெய்தது. அஞ்சியவன் நோயை மறைத்தான். மறைத்ததால் நோய் முற்றியது. மருந்து உண்டு என்ற சொல் பரவியதும், அவன் தானே நடந்து வந்து கல்கத்தாப் பள்ளியின் வெளிநோயாளர் வரிசையில் நின்றான். மக்களுக்கு எடுத்துரைத்தல், சிகிச்சை தருதல், ஊர்தோறும் கணக்கெடுத்தல் என மியூர் வகுத்த முறை இந்த நம்பிக்கையின்மீதே நின்றது. அச்சட்டமோ 2016-இல்தான் நீக்கப்பட்டது.

இனி, அதே நகரத்தில் அதே காலத்தில் நடந்த மற்றொரு ஆராய்ச்சியை நோக்குவோம். மருத்துவப் பள்ளியிலிருந்து சிறிது தூரம் நடந்தால் அடையக்கூடிய ராஜாபஜார் விஞ்ஞானக் கல்லூரியில், ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராயின் வழியில் வந்த ஞானேந்திரநாத் முகர்ஜி என்னும் இளைஞர், நீரில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடாமல் நிற்கின்றன என்று ஆராய்ந்தார். துகளின் மேற்பரப்பில் தங்கும் மின்னேற்றமே அவற்றை விலக்கி நிறுத்துகிறது. உப்பைச் சேர்த்தால் அந்த ஏற்றம் தணிந்து துகள்கள் கூடிவிடுகின்றன. இம்மின்னேற்றம் தோன்றும் விதத்தைப் பற்றி 1920-இல் லண்டனில் விஞ்ஞானிகள் கழகத்தின் முன் அவர் தம் கொள்கையை வைத்தார். எண்ணெயைச் சோப்பாக்காமல் எண்ணெயாகவே நுண்துளிகளாக்கி நீரில் நிறுத்துவதற்கு வேண்டிய அறிவின் ஒரு பகுதி அதில் இருந்தது. ஆனால் அது மருந்தாக வடிவெடுக்க இன்னும் நாற்பது ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

அதற்குள் சால்மூக்ராவின் காலம் முடிந்தது. அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனையில் கை ஃபாகெட் 1941-இல் சல்போன் வகை மருந்தைத் தொழுநோய்க்குக் கொடுத்து வெற்றி கண்டார். அது விலைமிக்கது. அவ்வகையின் தாய்ப்பொருளான டாப்சோனோ மலிவானது, ஆனால் நஞ்சு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. செங்கற்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் நலவிடுதியில் ராபர்ட் காக்ரேன் அதைச் சிறு அளவில் கொடுத்துப் பார்க்கத் துணிந்தார். எவ்வாறு கொடுத்தார்? கடலையெண்ணெயில் தூளாகக் கலந்து ஊசியாக! பழைய எண்ணெய் ஊசியே புதிய மருந்துக்கு வாகனமாயிற்று. கல்கத்தாப் பள்ளியில் பணியாற்றி நைஜீரியாவுக்குச் சென்ற ஜான் லோ, அதை மாத்திரையாக உண்டாலே போதும் என்று காட்டினார். ஊசி ஓய்ந்தது. செங்கற்பட்டு விடுதி 1955-இல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமாயிற்று. அதன் தலைமையை ஏற்றவர் கல்கத்தாப் பள்ளியில் தொழுநோய் ஆராய்ந்த டாக்டர் தர்மேந்திரா. கல்கத்தா தொடங்கிய வேலையைத் தமிழ்நாடு தொடர்ந்தது எனலாம்.

எனினும், எண்ணெயை ரத்தத்தில் எவ்வாறு செலுத்துவது என்ற பழைய வினா மட்டும் தீரவில்லை. அதற்கு விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. வாயால் உண்ண இயலாத நோயாளிக்குக் கொழுப்புச் சத்தை ரத்தக்குழாய் வழியே ஊட்ட மருத்துவர்கள் விரும்பினர். அமெரிக்காவில் பருத்திவிதை எண்ணெயில் செய்த பால்மம் காய்ச்சலும் கல்லீரல் கேடும் விளைவித்ததால் கைவிடப்பட்டது. சுவீடன் நாட்டு ஆர்விட் ரெட்லிண்ட் பல எண்ணெய்களையும் ஆராய்ந்து, சோயா விதையின் எண்ணெயை முட்டைக் கருவிலுள்ள லெசித்தினால் போர்த்தி, 1960-களின் தொடக்கத்தில் தீங்கில்லாத பால்மத்தைச் செய்தார். லெசித்தின் என்பது நம் உயிரணுச் சவ்விலேயே உள்ள கொழுப்பு வகை. அதன் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். சோப்பும் அவ்வாறே இருமுனை உடையதுதான். ஆனால் சோப்பு சவ்வைக் குலைக்கிறது. லெசித்தினோ சவ்வுக்கு உறவாக நின்று தீங்கு செய்யாதிருக்கிறது. கல்கத்தாவில் ரத்தக்குழாய்களை அடைத்த இடையூறு இங்கே நீங்கிற்று. இன்று அறுவைக்கு முன் நோயாளியை உறங்கவைக்கும் பிரோபோஃபால் என்னும் வெண்ணிற மருந்தும் சோயா எண்ணெயும் லெசித்தினும் கூடிய பால்மமே.

இத்தகைய பால்மத்தின் துளிகளை மேலும் சிறிதாக்கி, அளவை நானோமீட்டரால் கணக்கிடும் நிலைக்குக் கொண்டுவந்தால் அதுவே நானோ பால்மம். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். மிகுந்த அழுத்தத்தில் நுண்துளை வழியே பாய்ச்சியோ, செவிக்கெட்டாத ஒலியலைகளால் கலக்கியோ துளியை உடைக்கின்றனர். இதனால் என்ன பயன்? தேங்காய்ப்பாலில் ஏடு கட்டுவது எண்ணெய்த்துளிகள் மேலே எழும்புவதால். அவை எழும்பும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் நூறில் ஒரு பங்கானால் வேகம் பதினாயிரத்தில் ஒரு பங்காகும். நூறு நானோமீட்டர் அளவுத் துளியை நீர் மூலக்கூறுகளின் ஓயாத மோதலே அங்குமிங்கும் அலைத்துக் கொண்டிருக்கும். அது மேலே எழும்ப நேரமில்லை.

ஆனால் ஒன்றைப் பெற்றால் ஒன்றைக் கொடுக்கவேண்டும். ஒரு மில்லிலிட்டர் எண்ணெயை நூறு நானோமீட்டர் துளிகளாக்கினால், அவற்றின் மேற்பரப்பெல்லாம் சேர்ந்து 60 சதுர மீட்டர் ஆகும். ஒரு சிறு வீட்டின் தரையளவு. அவ்வளவு பரப்பையும் லெசித்தின் போன்ற பொருளால் குறைவின்றிப் போர்த்தவேண்டும். போர்வை குறைந்தால் துளிகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகும். மேற்பரப்பில் மின்னேற்றம் இருந்தால் துளிகள் விலகி நிற்கும். உப்பு மிகுந்தால் அக்காவல் தளரும். முகர்ஜி ஆராய்ந்த விதி இங்கே நாள்தோறும் அளந்து பார்க்கும் கணக்காகிவிட்டது. பரப்பு பெருகினால் காற்றிலுள்ள பிராணவாயு தாக்கும் இடமும் பெருகும். ஆகவே ஆளிவிதை எண்ணெய் போல எளிதில் சிக்குப் பிடிப்பவற்றுக்கு வைட்டமின் ஈ போன்ற காப்புப்பொருள் சேர்க்கின்றனர். புதிய எண்ணெயையே தேடிய மியூர் காலத்துக் கவலையின் தொடர்ச்சி இது.

1990-களில் பெர்லினிலும் டூரினிலும் ஆராய்ச்சியாளர் துளிக்குப் பதிலாகக் கெட்டிக் கொழுப்பின் நுண்துகள்களைச் செய்தனர். அதில் ஓர் இடர் தோன்றிற்று. கெட்டிக் கொழுப்பு நாளடைவில் ஒழுங்கான படிகமாக இறுகும்போது, உள்ளே வைத்த மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது. செங்கல்லை இடைவெளியின்றி அடுக்கிய சுவரில் பொருள் வைக்க மாடமில்லை. ஒழுங்கற்ற கற்களால் கட்டிய சுவரிலோ இடுக்குகள் பல. ஆகவே கெட்டிக் கொழுப்போடு நீர்மமான விதையெண்ணெயைச் சேர்த்து, அந்த ஒழுங்கை வேண்டுமென்றே குலைத்தனர். மருந்து உள்ளேயே தங்கிற்று.

கொல்கத்தாவில் இவ்வாராய்ச்சி இன்றும் வேரூன்றி நிற்கிறது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் ரசாயனத் தொழில்நுட்பத் துறையில் எண்ணெய்களைப் பற்றிய தனிப் படிப்பே உண்டு. விதையெண்ணெய்களின் நானோ பால்மங்கள் அங்கே ஆராயப்படுகின்றன. ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சத்யப்பிரிய மௌலிக் வளர்த்த மேற்பரப்பு விஞ்ஞான மையம் எண்ணெயும் நீரும் கூடும் நுட்பத்தை நெடுங்காலம் ஆய்ந்தது. வங்கத்தையும் பிகாரையும் வாட்டிய காலா அசார் என்னும் காய்ச்சலுக்குக் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி யூரியா ஸ்டிபமின் கண்டார். அம்மருந்துக்கு நோய்க்கிருமிகள் பணியாத காலம் பின்னர் வந்தது. அப்போது நீரில் கரையாத ஆம்போடெரிசின் என்னும் மருந்தை, சோயா லெசித்தினால் செய்த, நூறு நானோமீட்டருக்கும் சிறிய கொழுப்பு உறைகளில் அடைத்துக் கொடுத்தனர். பிகாரில் நடந்த ஆய்வு ஒரே ஊசி போதும் என்று 2010-இல் காட்டிற்று. 2014-இல் அரசு அதை முதல் மருந்தாக ஏற்றது. 584 ஊசியோடு இந்த ஒரே ஊசியை ஒப்பிட்டுப் பார்த்தால், இடைப்பட்ட ஆண்டுகளின் உழைப்பு விளங்கும்.

ஆயினும் நானோ என்ற சொல்லைக் கேட்ட அளவிலே மயங்குதல் தகாது. ஒரு நாள் அழகாக நிற்கும் பால்மம் ஓராண்டு நிற்குமா, மேமாதத்துக் கொல்கத்தாவின் வெப்பத்தில் நிற்குமா, ரத்தத்தின் உப்போடு கலந்தபின் நிற்குமா என்பவையே தேர்வுக் கேள்விகள். 2020-இல் வந்த கொரோனாத் தடுப்பூசிகளுள் ஒன்று, கொழுப்பு நுண்துகள் நிலைகுலையாதிருக்கப் பூஜ்யத்துக்குக் கீழே எழுபது பாகைக் குளிரில் வைக்கப்படவேண்டியதாயிருந்ததை நாம் அறிவோம். கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கு அத்தகைய மருந்து எட்டாக் கனியே. கல்கத்தாவில் ரோஜர்ஸின் மருந்து சீசாவுக்குள் தெளிவாகவே நின்றது. அதன் குறை தெரிந்தது நோயாளியின் கையில்தான்.

1982 முதல் தொழுநோய்க்குக் கூட்டு மருந்து வழங்கப்படுகிறது. அரசு அதை இலவசமாகத் தருகிறது. அம்மூன்று மருந்துகளுள் ஒன்றான குளோஃபசிமின் நீரில் கரையாதது. எண்ணெயும் மெழுகும் கலந்த குழம்பில் நுண்தூளாக்கி மென்கூட்டில் அடைத்தே அதைத் தருகின்றனர். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோய் தணிந்தது என 2005-இன் இறுதியில் நம் நாடு அறிவித்தது. எனினும் ஆண்டுதோறும் ஒரு லட்சம் அளவுக்குப் புதிய நோயாளிகள் இன்றும் கண்டறியப்படுகின்றனர். தோலில் உணர்வற்ற வெளிறிய படை கண்டவுடன் மருத்துவரை நாடினால் ஊனமில்லாமல் முற்றும் குணமாகும். மறைப்பவர்க்கே கை கால்கள் குறைபடுகின்றன.

துவரகத்தை அன்றே கண்டோம் என்று பெருமை பேசி நிற்பது எளிது. மேல்நாட்டாரே எல்லாம் கண்டனர் என்று வணங்கி நிற்பதும் எளிது. இவ்வரலாறு இரண்டுக்கும் இடந்தரவில்லை. காட்டு விதையை அறிந்த நாட்டு வைத்தியரும், மரத்தை இனங்கண்ட தோட்டத்தாரும், அமிலத்தைப் பிரித்த ரசாயனரும், பெயர் மறைக்கப்பட்ட ஆலிஸ் பாலும், துகளின் மின்னேற்றத்தை அளந்த முகர்ஜியும் ஆளுக்கொரு படி ஏறினர். அவர்களோடு ஊசிக்குக் கையை நீட்டிய நோயாளிகளையும் நாம் சேர்த்து எண்ணவேண்டும். அவர்களுடைய பெயர்கள் நூல்களில் இல்லை. ஆனால் எண்ணெயை உடலுக்குள் எவ்வாறு செலுத்தலாகாது என்பதை நாம் அறிந்தது அவர்கள் பட்ட வலியினால்தான்.